கம்பம் டு துபாய்: முதல் 10 நாள்ல என்னவெல்லாம் நடக்கும்? எதுல உஷாரா இருக்கணும்?

கம்பம் பள்ளத்தாக்குக்கு ஊர்விட்டு ஊர் போறது புதுசு இல்லை. விடியக்காலையில கூடலூர், கம்பம், போடிப் பக்கம் நின்னு பார்த்தாலே தெரியும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியா இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஜீப்பா ஆள் ஏறிட்டிருப்பாங்க. ஆனா அது சாயங்காலம் வீடு திரும்புற பயணம். மதுரையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ விமானம் ஏறி துபாய் போறது அப்படி இல்லை. இரண்டு வருஷ விசா, நகையை அடகு வச்சு புரட்டின பணம், 'போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு' என்று வாசலில் நிற்கும் அம்மா என்று பின்னால் நிறைய இருக்கிறது.

துபாயைப் பற்றி ரீல்ஸ் ஆயிரம் இருக்கு. புர்ஜ் கலீஃபா, பாலைவன சஃபாரி எல்லாம் அதில் வந்துவிடும். முதல் 10 நாளில் எந்தக் கவுன்ட்டரில் நிற்கணும், எதில் கையெழுத்துப் போடணும், எதில் போடக் கூடாது என்பது மட்டும் வராது. அடுத்த இரண்டு வருஷம் எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் அந்த 10 நாளில்தான் முடிவாகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏறுறதுக்கு முன்னாடி: கையில் இருப்பது எந்த விசா?

எல்லாப் பிரச்னையும் தொடங்கும் இடம் இதுதான். 'முதல்ல விசிட் விசாவுல போ, அங்க போனதும் மாத்திக்கலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே பிரேக் போடுங்கள்.

விசிட் விசாவில் போய் வேலை தேடுவது வேறு, வேலை பார்ப்பது வேறு. வொர்க் பர்மிட் இல்லாமல் வேலை பார்த்தால் யுஏஇ சட்டப்படி குற்றம். அப்படி ஆள் வைக்கும் நிறுவனங்களுக்கு ஒரு லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள். விசா முடிந்தும் தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஏஜென்ட்டுகள் ஏன் விசிட் விசாவைத் தள்ளிவிடுகிறார்கள்? பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'இசிஆர்' வகையில் வரும். யுஏஇ, சவுதி, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். இது 'இ-மைக்ரேட்' தளம் வழியாக நடக்கும். அதில் யார் முதலாளி, என்ன சம்பளம், எந்த ஏஜென்ட் என்று எல்லாம் பதிவாகும். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா'வும் சேர்ந்து வரும். இரண்டு வருஷத்துக்கு அதன் பிரீமியம் 275 ரூபாய்தான். விசிட் விசாவில் போனால் இந்த வழி முழுக்கத் தாண்டிப் போகிறது. பதிவு இருக்காது, ஒப்பந்தம் இருக்காது, காப்பீடும் இருக்காது. நாளைக்கு ஏதாவது ஆனால், நீங்கள் அங்கே வேலைக்குத்தான் போனீர்கள் என்பதற்கே ஆதாரம் இருக்காது.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் அது 'விசா செலவு' இல்லை, கொள்ளை. யுஏஇ சட்டமும் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது. தனியார் ஏஜென்ட்டை நம்ப முடியவில்லை என்றால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978-லிருந்து இயங்குகிறது. அவர்களின் அறிவிப்புகளைப் பார்க்கலாம்.

இன்ஜினீயர், நர்ஸ், அக்கவுன்டன்ட் மாதிரி டிகிரி தேவைப்படும் வேலை என்றால், சான்றிதழை அட்டெஸ்ட் பண்ணும் வேலையை ஊரிலேயே முடியுங்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், யுஏஇ தூதரகம் என்று வரிசையாகப் போக வேண்டும். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு ஒரிஜினலை கூரியரில் அனுப்பி அலைவது நேரமும் காசும் தின்னும்.

பெட்டியில் என்ன இருக்கக் கூடாது?

அம்மா பாசமாகக் கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கா என்று பாருங்கள். குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதான். அது ஓபியம் செடியின் விதை என்பதால் யுஏஇ-க்குள் கொண்டுபோகத் தடை. விளைவு அபராதத்தோடு நிற்காது, போதைப்பொருள் வழக்கு வரை போகலாம். வெற்றிலையும் வேண்டாம்.

அடுத்தது மாத்திரை. டிரமடால், கோடீன் கலந்த வலி நிவாரணி, இருமல் மருந்துகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. தொடர்ந்து எடுக்க வேண்டிய மருந்து என்றால், டாக்டர் சீட்டோடு அந்நாட்டு சுகாதாரத் துறையின் தளத்தில் முன்அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 'எங்க மச்சான் அங்கதான் இருக்காப்ல, இந்தப் பார்சலை மட்டும் குடுத்துருங்க' என்பது. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை வாங்காதீர்கள். ஏர்போர்ட்டில் அது உங்கள் பெட்டி. பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

நாள் 1: 'ஹலோ அம்மா' சொல்ல முடியாது!

இறங்கியதும் வைஃபை பிடித்து வாட்ஸ்அப்பில் கால் பண்ணினால் போகாது. போனில் கோளாறு எதுவும் இல்லை. யுஏஇ-யில் வாட்ஸ்அப் கால், வீடியோ கால் முடக்கப்பட்டிருக்கிறது. மெசேஜும் வாய்ஸ் நோட்டும் மட்டும் போகும். அங்கே அனுமதி பெற்ற 'போட்டிம்' மாதிரி ஆப்கள் உண்டு. கிளம்புவதற்கு முன்னாலேயே வீட்டில் இருப்பவர்கள் போனிலும் அதைப் போட்டு, ஒரு தடவை பேசிப் பழக்கிவிடுங்கள். இல்லையென்றால் முதல் ராத்திரி இரண்டு பக்கமும் தூக்கம் வராது.

'விபிஎன் போட்டா வேலை செய்யும்' என்று ரூமில் யாராவது சொல்வார்கள். தடை செய்ததைத் திறக்க விபிஎன் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது. ஒரு வீடியோ காலுக்கு அந்த ரிஸ்க் தேவையே இல்லை.

இன்னொன்று, இந்திய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேங்க் ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். ரோமிங் போட்டு, எஸ்எம்எஸ் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். நீங்கள் ராத்திரி 9:30-க்கு ஷிஃப்ட் முடிக்கும்போது ஊரில் மணி 11.

நாள் 2 முதல் 7: ரத்தம், ரேகை, கையெழுத்து

வேலைக்கான நுழைவு அனுமதியில் வந்தவர்கள் 60 நாளுக்குள் மற்ற நடைமுறைகளை முடிக்க வேண்டும். வழக்கமாக கம்பெனியின் பிஆர்ஓ கூட்டிக்கொண்டு போவார்.

● மெடிக்கல்: ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே. காசநோய், எச்ஐவி போன்றவற்றுக்காக.

● எமிரேட்ஸ் ஐடி: கைரேகை, போட்டோ. நம்ம ஆதாரைவிட அங்கே இதற்கு வேலை அதிகம். சிம், பேங்க் கணக்கு, வீட்டு ஒப்பந்தம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இதைத்தான் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதை 2022-ல் நிறுத்திவிட்டதால், அங்கே வசிப்பதற்கான அத்தாட்சியும் இந்தக் கார்டுதான்.

● ஒப்பந்தம்: மொத்த விஷயத்திலும் முக்கியமானது இது.

ஊரில் காட்டிய ஆஃபர் லெட்டரில் ஒரு சம்பளம், அங்கே நீட்டும் ஒப்பந்தத்தில் வேறொரு சம்பளம். வளைகுடா வேலையில் ரொம்பப் பழைய ஏமாற்று இது. யுஏஇ-யின் மனிதவள அமைச்சகத்தில் பதிவான ஆஃபரும், நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தமும் பொருந்த வேண்டும் என்பது விதி. அரபி, ஆங்கிலத்தோடு தமிழ் உட்பட வேறு மொழிகளிலும் ஒப்பந்த நகல் உண்டு. கேட்டு வாங்குங்கள். 'அப்புறம் படிச்சுக்கலாம், லைன் நிக்குது' என்று அவசரப்படுத்தினாலும், போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

அதில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு சந்தோஷப்படாதீர்கள். 'அடிப்படைச் சம்பளம்' எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை அதை வைத்துத்தான் கணக்காகும். முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் 2,500 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை 1,000 என்றால் வருஷத்துக்கு 700 திர்ஹம் பணிக்கொடை. அடிப்படை 2,000 என்றால் 1,400. மாசா மாசம் கைக்கு வருவது ஒன்றுதான், ஆனால் ஊர் திரும்பும்போது கையில் இருப்பது இரண்டு மடங்கு.

தகுதிகாண் காலம் ஆறு மாசத்துக்கு மேல் போகக் கூடாது. 'சேஃப்டிக்கு நாங்களே வச்சுக்கிறோம்' என்று கம்பெனி உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் சட்டப்படி தவறு. விசா வேலைக்குக் கொடுத்தால், முடிந்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

பலரும் மறக்கும் ஒன்று: வேலையிழப்புக் காப்பீடு. 2023 ஜனவரியிலிருந்து ஊழியர்களுக்கு இது கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை என்றால் மாசம் 5 திர்ஹம்தான். போடாமல் விட்டால் 400 திர்ஹம் அபராதம். இதைப் போட வேண்டியது நீங்கள், கம்பெனி இல்லை.

எங்கே தங்குவது?

கட்டுமானம், ஃபேக்டரி வேலை என்றால் கம்பெனியே கேம்ப் கொடுத்துவிடும். ஆபீஸ் வேலைக்கு வருபவர்கள்தான் திண்டாடுவார்கள். துபாயில் தனி வீடு எடுக்க, வருஷ வாடகையை சில செக்குகளாகப் பிரித்து முன்கூட்டியே கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதோடு டெபாசிட், புரோக்கர் கமிஷன் எல்லாம் சேரும். முதல் மாசச் சம்பளம் வராதவருக்கு இது நடக்காத காரியம். அதனால் பெரும்பாலானவர்கள் 'பெட் ஸ்பேஸ்' என்பதில்தான் தொடங்குகிறார்கள். ஒரு ரூமில் ஒரு கட்டில் மட்டும் உங்களுடையது. கராமா, தேரா, பர் துபாய் பகுதிகளில் இது சகஜம்.

இதில் இரண்டு கவனம் வேண்டும். ஒன்று, போட்டோ பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். நேரில் போய், கட்டிலைப் பார்த்து, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். இரண்டு, அளவுக்கு மீறி ஆள் அடைத்த, பலகை தடுப்பு போட்டுப் பிரித்த வீடுகள் மேல் துபாய் மாநகராட்சி நடவடிக்கை எடுக்கும். ராத்திரியோடு ராத்திரியாகக் காலி பண்ணச் சொன்னால் அட்வான்ஸும் போச்சு, இடமும் போச்சு. வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதியும் முறைக்கு 'இஜாரி' என்று பெயர். வீட்டை நடத்துபவரிடம் இஜாரி இருக்கா, கூட வசிப்பவராக உங்கள் பெயரைச் சேர்ப்பாரா என்று கேளுங்கள். அவர் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

ரோடும் மெட்ரோவும்

முதலில் வாங்க வேண்டியது 'நோல்' கார்டு. மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே. துபாய் மெட்ரோ 2009 செப்டம்பர் 9-ல் தொடங்கியது. டிரைவர் இல்லாமல் ஓடும். உள்ளே சாப்பிட்டால், பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறினால் 100 திர்ஹம் அபராதம். கூட்டத்தில் அவசரமாக ஏறும்போது தரையில் இருக்கும் பிங்க் கோட்டைக் கவனியுங்கள்.

நம்ம ஊர் பழக்கத்தில் அதிகம் மாட்டிவிடுவது ரோடு கிராஸிங்தான். கம்பம் மெயின் ரோட்டில் கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே நடப்பதைப் போல அங்கே நடந்தால் 400 திர்ஹம் அபராதம். வேகமான சாலைகளில் இன்னும் கடுமை.

காசு செலவில்லாமல் மனசு லேசாக வேண்டும் என்றால், துபாய் க்ரீக்கில் 'அப்ரா' படகு ஏறுங்கள். ஒரு திர்ஹத்துக்கு தேராவிலிருந்து பர் துபாய்க்குப் போய்விடலாம். அந்த நகரம் கட்டடமாக மாறுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று அந்தச் சில நிமிஷத்தில் தெரியும்.

வெயில்? வைகாசிக் காத்தும் மேகமலைச் சாரலும் பழகின உடம்புக்கு ஜூலை, ஆகஸ்ட் துபாய் பெரிய அடி. 40 டிகிரிக்கு மேல் வெயிலோடு கடல் ஈரப்பதமும் சேரும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வெளிவேலைக்குப் போகிறவர்கள் இந்த நேரத்தை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பிலும் சட்டம் உண்டு

வீரபாண்டி சித்திரைத் திருவிழா வருகிறது. 'துபாயில இருக்கிற நம்ம பசங்க ஆளுக்கு 100 திர்ஹம் போடுங்கப்பா' என்று குரூப்பில் ஒருவர் போடுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் அனுமதி பெறாமல் நன்கொடை வசூலிப்பது யுஏஇ-யில் குற்றம். கோயிலுக்கு, பள்ளிவாசலுக்கு, ஊர் நண்பனின் ஆபரேஷனுக்கு என்று எதற்காக இருந்தாலும் இதேதான். கொடுக்க நினைத்தால் ஊரில் இருக்கும் உங்கள் வீட்டு ஆள் மூலம் கொடுங்கள்.

அதே மாதிரி, கோபத்தில் சூப்பர்வைசரைத் திட்டி அனுப்பும் வாய்ஸ் நோட், முன்பின் தெரியாதவரை அனுமதி இல்லாமல் எடுத்துப் போடும் வீடியோ, இரண்டுமே வழக்காகலாம். வ்ளாக் ஆசை இருப்பவர்கள் கேமராவை உங்கள் பக்கமே திருப்பிக்கொள்வது நல்லது.

காசு விஷயம்

முதல் வாரம் எல்லாமே ரூபாயில்தான் ஓடும். ஒரு டீயைக்கூட பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பீர்கள். இரண்டாவது வாரம் அந்தப் பழக்கம் போய்விடும். அப்போதுதான் ஆபத்து. முதல் சம்பளம் வருவதற்குள் கிரெடிட் கார்டு, லோன் என்று போன் வரத் தொடங்கும். ஊர்க் கடன் அடைகிற வரைக்கும் அங்கே புதுக்கடன் வேண்டாம்.

சம்பளம் கையில் ரொக்கமாக வராமல், அரசின் சம்பளப் பாதுகாப்பு முறைப்படி பேங்க் அல்லது எக்ஸ்சேஞ்ச் வழியாக வருகிறதா என்று பாருங்கள். நாளைக்கு 'சம்பளமே தரல' என்று புகார் கொடுக்க அதுதான் சாட்சி.

ஊரில் இருக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கையும் மறக்காதீர்கள். வேலைக்காக வெளிநாடு போனவர் வழக்கமான சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை 'என்ஆர்ஓ' கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு 'என்ஆர்இ' கணக்கு தனியாகத் தொடங்கலாம். இதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது.

நம்ம ஆளுங்களுக்கு இருக்கும் இரண்டு பிளஸ்

முதலாவது மலையாளம். துபாயில் மளிகைக் கடை, கஃபட்டீரியா, மெடிக்கல் ஷாப் என்று எங்கே திரும்பினாலும் ஒரு மலையாளி இருப்பார். குமுளிக்கும் கட்டப்பனைக்கும் போய்வந்து பழகின கம்பத்துக்காரருக்கு அந்தப் பேச்சு காதுக்குப் புதுசில்லை. சென்னையிலிருந்து வருபவர் இங்கிலீஷில் திணறும் இடத்தில், நீங்கள் 'சேட்டா, ஒரு சாயா' என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் எங்கே ரூம் காலி என்று விசாரித்துவிடலாம்.

இரண்டாவது ஏலக்காய். அரபு வீடுகளிலும் ஆபீஸ்களிலும் விருந்தாளிக்கு ஊற்றும் 'கஹ்வா' காபியில் அதன் வாசம்தான் தூக்கலாக இருக்கும். அந்த ஏலக்காய் ஏலம் போகும் ஊர்களில் ஒன்று நம்ம போடிநாயக்கனூர். புது ஆபீஸில் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல விஷயம் வேண்டுமா? ஒரு சின்னக் குறிப்பு: கப்பை நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கப்பை லேசாக ஆட்டிக் கொடுங்கள். அதுதான் அவர்கள் வழக்கம்.

ராத்திரி 10 மணிக்கு மேல வர்ற ஒண்ணு

பேப்பர் வேலை எல்லாம் பகலில் முடிந்துவிடும். கட்டிலில் படுத்த பிறகு, பக்கத்துக் கட்டில்காரர் வேறு மொழியில் போன் பேசிக்கொண்டிருக்கும்போது, 'தப்பா வந்துட்டோமோ' என்று தோன்றும். அது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. முதல் இரண்டு வாரம் இந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காமல் இருப்பது நல்லது.

வீட்டுக்குப் பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 'நல்லா இருக்கேன்' என்பதோடு நிறுத்தாமல், வீட்டில் யாராவது ஒருவரிடமாவது உண்மை நிலவரத்தைச் சொல்லிவையுங்கள். சம்பளம் வரவில்லை, பாஸ்போர்ட் கையில் இல்லை என்பதை மாசக்கணக்கில் மறைத்தால், உதவி செய்ய வேண்டியவர்களுக்கு விஷயம் தெரிவதே ரொம்பத் தாமதமாகிவிடும். லீவு நாளில் கராமா பக்கம் போனால் தமிழ்ச் சாப்பாடும் கிடைக்கும், தமிழ்ப் பேச்சும் கேட்கும். ஜெபல் அலியில் 2022-ல் திறந்த இந்துக் கோயிலும் அதன் அருகில் தேவாலயங்களும் இருக்கின்றன.

பிரச்னை வந்தால் யாரிடம் போவது?

● போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998, தீயணைப்பு 997.

● சம்பளம், ஒப்பந்தம் தொடர்பான புகார்: யுஏஇ மனிதவள அமைச்சகம், 600590000.

● இந்தியர்களுக்கான உதவி மையம்: துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் கீழ் இயங்கும் பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திரா, 80046342. கட்டணமில்லை.

● வீட்டில் இருப்பவர்கள் ஊரிலிருந்தே புகார் பதிய: இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளம்.

● தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை. கிளம்பும் முன்பே இவர்களிடம் பதிந்துவைப்பது நல்லது.

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க

1. வேலை விசாதான், விசிட் விசா இல்லை என்று உறுதி செய்தாச்சா?
2. ஏஜென்ட் பெயர் இ-மைக்ரேட்டில் இருக்கா?
3. பாஸ்போர்ட், விசா, ஆஃபர் லெட்டர், சான்றிதழ் நகல்கள் வீட்டில் ஒரு செட், போனில் ஒரு செட் இருக்கா?
4. பெட்டியில் கசகசா, தெரியாத மாத்திரை, அடுத்தவர் பார்சல் இல்லையே?
5. இந்திய சிம்முக்கு ரோமிங் போட்டாச்சா? வீட்டில் கால் ஆப் பழக்கியாச்சா?
6. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பார்த்தாச்சா?
7. கம்பெனி பெயர், தங்கும் முகவரி, கூட இருப்பவர் ஒருவரின் நம்பர், இந்த மூன்றும் வீட்டில் யாரிடமாவது எழுதிக் கொடுத்தாச்சா?

ஏழாவதை மட்டும் பேப்பரில் எழுதிக் கொடுங்கள். போன் தொலைந்தாலும், சார்ஜ் தீர்ந்தாலும் அது சுவத்துக் காலண்டர் பக்கத்தில் தொங்கிக்கொண்டு இருக்கும்.